பெயர் சேராத பிரதி

சிட்னியின் பரமட்டா, வென்ற்வேர்த்வில், டூங்காபி வீடுகளின் அலமாரிகளில் கிடந்த குடும்ப ஆல்பங்கள் இப்போது எண்ணிமப்படுத்துவோரான நம் மேசைகளுக்கு வரத் தொடங்கியுள்ளன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. பிள்ளைகள் படங்களைக் கேட்கிறார்கள். எண்ணிமப்படுத்தும் வேலை பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குடும்பங்களிடம் கையளிக்கப்படும் கோப்புகளில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தெரிகிறது. படம் தெளிவாக இருக்கிறது; படத்தில் நிற்பவர் யார் என்பது எங்குமே இல்லை. பெயர் சேராத பிரதியை முடிந்த வேலையாக ஒப்படைக்கக் கூடாது என்று இவ்விதழ் வலியுறுத்துகிறது.

நம் மக்களிடம் இதற்குத் தனிக் காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1983இல் வீடுகள் எரிந்தன. 2009 வரை நீண்ட போரின் இடப்பெயர்வுகளில் எத்தனையோ குடும்பங்கள் ஆல்பங்களைக் கைவிட்டு ஓடின. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தொடர்போராட்டம் தொடங்கிய தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களையே ஏந்தி அமர்ந்தார்கள். ஊரில் அழிந்துபோன ஒரு கலியாணப் படத்தின் மறுபிரதி, அந்தக் காலத்தில் தபாலில் வந்து சிட்னியில் தப்பியிருக்கக்கூடும். அதன் பின்வரிசையில் நிற்கும் இளைஞனுக்கு அதுவே எஞ்சிய ஒரே படமாகவும் இருக்கலாம். அவன் பெயர் பதிவாகாவிட்டால், தேடும் உறவுக்கு அந்தப் படம் கிடைத்தும் பயனில்லை.

தொழில்நுட்பத்தில் நமக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 6×4 அங்குலப் படத்தை 600 பிபிஐயில் 24 பிட் வண்ணத்தில் எடுத்தால், சுருக்கப்படாத டிஃப் கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட். அந்த மூலக்கோப்பில் கை வைக்க வேண்டாம். 1970களின் வண்ணப் படங்கள் நீலப்பச்சைச் சாயம் மங்கிச் சிவந்திருந்தால், திருத்தம் வேறொரு பிரதியில் நடக்கட்டும். செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் முகம் அந்த மனிதரின் முகம் அல்ல. அதை மூலத்தோடு கலக்கவே கூடாது. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்தே படமெடுங்கள். பின்புறத்தைத் தவறாமல் எடுங்கள்: ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

கடினமான பகுதி பெயர்தான். மூத்தவர்கள் படத்தைப் பார்த்து ‘சின்னக்கா’, ‘கொழும்பு மாமா’ என்றுதான் சொல்வார்கள். யாருக்கு அக்கா, யாருக்கு மாமா என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது எவரையும் குறிக்காது. ஆகவே சொன்னவரின் பெயர், சொன்ன தேதி, படத்தில் உள்ளவரின் முழுப்பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய ஐந்தும் வேண்டும். தலைப்பெழுத்தோடு நிறுத்தினால் ஒரே ஊரில் மூன்று இராசையாக்கள் வருவார்கள். ஊகமாகச் சொன்னதை ஊகம் என்றே குறியுங்கள். இணக்கம் பெற்று உரையாடலைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். விவரங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். யூனிகோட்டில் எழுதி, ஐபிடிசி புலங்களில் கோப்புக்குள்ளேயே பதியுங்கள். தனி எக்செல் அட்டவணை படத்தை விட்டு எளிதில் பிரிந்துவிடும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை எண்ணிமப்படுத்தியது. அத்தகைய ஸ்டூடியோப் படங்களில் முகம் இருக்கும். அது யார் என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது. நம்மிடம் வரும் ஆல்பத்தோடு சொல்லத் தெரிந்தவரும் கூடவே வருகிறார். அந்த வாய்ப்பை நாம் வீணாக்குவது பெரும் தவறு.

பாதுகாப்புக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற விதி போதுமானது. 2023 ஒக்டோபரில் இணையத் தாக்குதலுக்குள்ளான பிரித்தானிய நூலகத்தின் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. எந்தப் பெரிய நிறுவனத்தையும் ஒரே காப்பிடமாக நம்ப முடியாது என்பதற்கு அதுவே சான்று. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம ஆவணகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாமா என்று குடும்பத்திடம் கேளுங்கள். ஆனால் படத்தில் உள்ளவர்களோ அவர்களின் உறவினரோ இன்னும் ஊரில் வாழக்கூடும். சீருடையிலுள்ள படமோ ஒரு நிகழ்வுப் படமோ அவர்களுக்கு ஆபத்தாகலாம். எதைப் பொதுவில் வைக்கலாம், எது குடும்பத்துக்கு மட்டும் என்பதைப் படம் படமாகக் கேட்டு எழுத்தில் பெறுவது நம் கடமை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். ஸ்கேனர் அடுத்த ஆண்டும் இருக்கும். எண்பது வயதைத் தாண்டியவரின் நினைவுக்கு அந்த உறுதி இல்லை. எனவே வேலையின் வரிசையை மாற்றுவோம். முதலில் கைப்பேசியில் விரைவாக எடுத்த படங்களைப் பெரிய திரையில் காட்டிப் பெயர்களைக் கேட்போம். உயர்தரப் பிரதி பிறகு வரட்டும். மேஸ் ஹில் முருகன் கோயிலிலோ பரமட்டா நகர நூலகத்திலோ ஒரு ஞாயிறு கூடினால் பல குடும்பங்களை ஒன்றாக அமர்த்தலாம். ஒருவர் மறந்த பெயரை மற்றவர் சொல்வார். அடுத்த ஆல்பத்தை ஏற்கும்போது, பெரியவரோடு அமரும் நேரத்தைக் கட்டண மதிப்பீட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.