நாய்க்கும் ஒரு சாதகம்

பம்பலப்பிட்டியில் எமது ஒழுங்கையின் முடிவில் தொடருந்துப் பாதை, அதற்கப்பால் கடல். பன்னிரண்டு வருடங்களாக மாலைதோறும் என்னை அங்கு இழுத்துச் சென்ற அல்சேஷன் நாய், சென்ற ஐப்பசியில் பாதி வழியில் இருந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. பின்னங்கால்கள் தள்ளாடின.

விடுமுறையில் வந்திருந்த மகள், அதன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி ரொறன்ரோவுக்கு எடுத்துச் சென்றாள். சில கிழமைகளில் மின்னஞ்சலில் முடிவு வந்தது: எஸ்ஓடி1 என்னும் மரபணுவின் பிறழ்ந்த பிரதிகள் இரண்டு; முண்ணாண் சிதைவு நோய்க்கான அபாயம் உண்டு.

அதை இங்குள்ள இளம் மிருக வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன். கைபேசித் திரையை வாசித்தார். "ஐயா, இதற்கு மருந்தில்லை. ஊசி போட்டுவிடுவதுதான் புண்ணியம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். மனைவிதான் மறித்தாள்: "இஞ்சருங்கோ, அவர் இவனைத் தொட்டுக்கூடப் பார்க்கேல்லை."

முப்பது வருடங்கள் செய்தித்தாளில் குப்பை கொட்டியவன் நான். ஒரேயொரு ஆதாரத்தை வைத்துச் செய்தி போடாதே என்று எத்தனை இளைஞர்களைக் கடிந்திருக்கிறேன்! என் வீட்டுச் சீவனின் உயிர் பற்றிய செய்தியை ஒற்றை ஆதாரத்தில் அச்சேற்ற இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நிற்க. விஞ்ஞானம் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது வியாபாரம். இந்தப் பிறழ்வை அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். மனிதரின் இயக்க நரம்பணு நோயோடு 1993இலேயே தொடர்புபடுத்தப்பட்ட அதே மரபணு. ஆனால் பிறழ்ந்த பிரதிகள் இரண்டைக் கொண்ட நாய்கள் எல்லாவற்றுக்கும் நோய் வருவதில்லை. பல முதுமையடைந்து வேறு காரணத்தால் சாகின்றன. நோய் இருந்ததா என்பதை, இறந்த பின் முண்ணாணை நுணுக்குக்காட்டியில் பார்த்தே ஐயமின்றிச் சொல்லலாம். அப்படியானால் அந்தச் சோதனை எதைச் சொல்கிறது? வரக்கூடியதைச் சொல்கிறது, வந்திருப்பதை அல்ல. எந்த நாயை எதனோடு இனம்சேர்ப்பது என்று தீர்மானிப்பவருக்கு அது பயனுள்ளது. நோயுற்ற நாயின் தலைமாட்டில் நிற்பவனுக்கு அது வெறும் சாதகக் குறிப்பு. "கண்டம் உண்டு" என்று சாத்திரி சொன்னதற்காகப் பிள்ளையை வைத்தியரிடம் காட்டாமல் விடுவோமா?

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2018இல் 'நேச்சர்' சஞ்சிகையில் லிசா மோசஸ், ஸ்டீவ் நீமி, எலினோர் கார்ல்சன் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையொன்று, நடக்கச் சிரமப்பட்ட 13 வயதுப் பக் நாயொன்றைப் பற்றிச் சொல்கிறது. 65 டொலர்ச் சோதனையின் முடிவை நம்பி அதனைக் கருணைக்கொலை செய்தார்கள். சிகிச்சை செய்யக்கூடிய வேறு கோளாறாகவும் அது இருந்திருக்கலாம் என்பதே அம்மூவரின் ஆதங்கம். செல்லப்பிராணிகளின் மரபணுச் சோதனைக்கு ஒழுங்குவிதிகள் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

சோதனையை விற்பவர்கள் "இது நோய் நிர்ணயமன்று" என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பிவிடுகிறார்கள். அபாயம் என்ற சொல்லை மட்டும் சிவப்பில், பெரிதாக இடுகிறார்கள். பத்திரிகைக்காரனுக்கு இந்த வித்தை தெரியும். தலைப்பால் விற்று, கடைசிப் பந்தியில் மறுப்பது.

பின்னர் முதிய வைத்தியர் ஒருவரிடம் போனோம். அவர் அறிக்கையைக் கேட்கவில்லை. தரையில் குந்தியிருந்து இடுப்பை அழுத்தினார், நாய் வீரிட்டது. "முண்ணாண் சிதைவு பொதுவாக நோகாது, தம்பி. இவனுக்கு நோகிறது" என்றார். எக்ஸ்றேயில் இடுப்பு மூட்டுகள் இரண்டும் தேய்ந்திருந்தன. நோமருந்து, எடைக் குறைப்பு, வழுக்கும் சீமெந்துத் தரைக்குச் சாக்கு விரிப்பு: இவ்வளவுதான் வைத்தியம்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. முண்ணாண் நோயும் கூடவே இருக்கலாம். அதை அவரும் மறுக்கவில்லை. இரவில் தூக்கி நிறுத்துகிறோம். நனைந்த சாக்கை மாற்றுகிறோம். சில நாட்களில் தொடருந்துப் பாதை வரை வருகிறான். சில நாட்களில் வாசலோடு சரி. ஊசி போடவேண்டிய நாள் வரத்தான் செய்யும். அந்த நாளை அவனுடைய வேதனை சொல்லட்டும், மின்னஞ்சல் சொல்லவேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து அன்போடு சோதனைப் பெட்டி அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் காசை ஒரு எக்ஸ்றேக்கு அனுப்புங்கள்.