பட்டுப்போன வேம்பும் மஞ்சள் தொண்டைச் சிட்டும்

நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன். விவசாயக் கடனுக்கு நிலம் பார்க்கப் போனால் கிணறு, மோட்டார், காய்க்கிற மரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு எழுதுவோம். பட்ட மரத்துக்கு விறகு விலைதான். ஓய்வு பெற்று அரூர் பக்கம் 6 ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கிய பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை.

இரண்டாம் வருடம் பங்குனியில், கிழக்கு வரப்பில் பாதி பட்டுப்போய் நின்ற வேம்பை 4,500 ரூபாய்க்கு விற்றேன். மறுநாள் காலையில் இரண்டு குருவிகள் மரம் நின்ற இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. ஊர்க்குருவிதானே என்று விட்டுவிட்டேன். ஆடு மேய்க்கிற பெரியவர்தான் அறுத்துப் போட்ட துண்டு ஒன்றைப் புரட்டிக் காட்டினார். பொந்துக்குள் புல்லும் மயிரும் இறகுமாக ஒரு மெத்தை, அதில் உடைந்த முட்டை ஓடு. “குடியிருந்த வீட்டை இடிச்சிட்டீங்களே மேனேஜர் சார்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அது ஊர்க்குருவியும் இல்லை, மஞ்சள் தொண்டைச் சிட்டு. அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இதன் முதுகில் ஊர்க்குருவிக்கு உள்ள கறுப்புக் கோடுகள் கிடையாது; ஒரே சாம்பல் கலந்த பழுப்பு. தோளில் செம்பழுப்புத் திட்டு, சிறகில் வெள்ளைப் பட்டை. ஆணின் தொண்டையில் வெளிர் எலுமிச்சை நிறத்தில் ஒரு பொட்டு இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கூடு கட்டும் காலத்தில் ஆணின் அலகு கறுத்துவிடும். குரல் குருவிக் குரலேதான், ஆனால் ‘சில்ப், சல்ப், சொல்ப்’ என்று கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு இனிமையாக இருக்கும். மரத்து உச்சியில் உட்கார்ந்து சளைக்காமல் கத்தும்.

1896-இல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்டது இந்தச் சிட்டைத்தான். தொண்டையில் மஞ்சளைப் பார்த்து, இது என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்று நூலுக்கே ‘ஒரு குருவியின் வீழ்ச்சி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். அவர் சுட்டார், நான் வெட்டினேன்.

இந்தச் சிட்டுக்கு வறண்ட திறந்த காடும், புதரும், தோப்பும், ஊரோரமும் ஒத்துவரும். நம் மானாவாரி நிலங்கள் அதற்கு ஏற்ற இடம். விதையும் சிறு பழமும் தின்னும். இலுப்பை, கல்யாண முருங்கை, இலவு பூத்தால் தேன் குடிக்க வந்து நெற்றியெல்லாம் மகரந்தம் பூசிக்கொள்ளும். புழு பூச்சியும் பிடிக்கும். ஆனால் தானாக மரத்தைக் குடைய அதனால் ஆகாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்து வேண்டும், இல்லையென்றால் கிளை இற்று விழுந்த ஓட்டை வேண்டும். இரண்டும் கிடைப்பது வயசான மரத்திலும் பட்ட மரத்திலும்தான்.

மார்ச் 20 வந்தால் குருவி தினம் என்று அட்டைப்பெட்டி கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் இயற்கை விவசாயம் செய்கிற நாமே வரப்பை மொழுமொழுவென்று வழித்துவிட்டு, பட்ட மரத்தையும் தலைபோன பனையையும் வியாபாரிக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் வாசலில் பெட்டி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயிரம் நாற்று நட்டாலும் அதில் பொந்து விழுவதைப் பார்க்க நம் ஆயுசு போதாது.

கரையான் வரும், பாம்பு அடையும், மேலே விழும் என்பார்கள். வீட்டோரம், வண்டிப்பாதை, மின்கம்பி பக்கம் நின்றால் நானும் வெட்டத்தான் சொல்வேன். கடைக்கோடி வரப்பில் நிற்பதை ஏன் வெட்ட வேண்டும்? பயமாக இருந்தால் கிளையைக் கழித்துவிட்டு அடிமரத்தை மட்டும் பத்துப் பன்னிரண்டு அடிக்கு விடலாம். எப்படியும் வெட்டியாக வேண்டும் என்றால், மாசி முதல் வைகாசி வரை கோடாரியை எடுக்காதீர்கள். ஏறிப் பொந்தைப் பாருங்கள்.

மேற்கு வரப்பில் இன்னொரு வேம்பு பட்டுக்கொண்டு வருகிறது. போன மாதம் அதே வியாபாரி வந்து 6,000 என்றார். மோட்டார் ரிப்பேருக்கு ஆகுமே என்று வீட்டில் முணுமுணுப்பு. முடியாது என்று அனுப்பிவிட்டேன். இந்த வருடம் அந்தப் பொந்தை ஒரு மைனா ஜோடி பிடித்துக்கொண்டது. சிட்டு இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்கு மேலே மரங்கொத்தி இன்னொன்றைக் குடைய ஆரம்பித்திருக்கிறது.