கார்டு போய் டிரெயின் மேனேஜர் வந்தாச்சு, அப்புறம்?

2022 ஜனவரியில் ரயில்வே போர்டு ஓர் உத்தரவு போட்டது. இனிமேல் கார்டு கிடையாதாம், டிரெயின் மேனேஜராம்! சம்பளம் அதே, வேலை அதே. கார்டு என்றால் ஜனங்கள் ஏதோ வாட்ச்மேன் என்று நினைக்கிறார்கள், பெயரை மாற்றுங்கள் என்று ஊழியர்களே ரொம்ப நாளாகக் கேட்டதுதான். நியாயமான கோரிக்கை. ஆனால் பெயர் பெரிசாகும் அதே நேரத்தில், இந்த ஆள் எதற்கு என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறதே, அங்கேதான் இடிக்கிறது.

சரக்கு ரயிலின் கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டிவிட்டு, கார்டு இல்லாமலே ஓட்டும் ஏற்பாடு ஏற்கெனவே வந்துவிட்டது. ரயில் முழுசாக வருகிறதா, பிரேக் பைப்பில் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அது எஞ்சினுக்குச் சொல்லும். நெய்வேலி நிலக்கரிக்கு அது போதும். நிலக்கரி படியில் கால் தவறி விழப்போவதில்லை.

பாசஞ்சர் ரயில் அப்படியா? விருத்தாசலத்திலோ நெய்வேலியிலோ ஜனங்கள் கடலூர் துறைமுகம் போகும் ரயிலைப் பிடிக்கிறார்கள். வழியில் சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நிற்பது ஒரு நிமிஷமோ இரண்டோ. கூடையோடு ஒரு கிழவி இறங்கிக்கொண்டிருப்பாள். கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் கார்டு கொடியை மடக்கியே வைத்திருப்பார். அவர் சைகை தராமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்பது விதி. அழுத்தம் அளக்கும் கருவிக்குக் கிழவி தெரிவாளா?

விபத்தாகி வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் இன்னும் மோசம். அகலப்பாதையில் கார்டு பின்பக்கமாக நடந்து போய் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் மூன்றும் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். பின்னால் வரும் ரயிலின் சக்கரம் ஏறினால் அது வெடித்து அந்த டிரைவரை எச்சரிக்கும். நடுராத்திரி, மழை, பாம்பு... எதுவானாலும் நடந்துதான் ஆக வேண்டும். கார்டை எடுத்துவிட்டால் இதை யார் செய்வது? கடைசிப் பெட்டியில் சும்மா உட்கார்ந்து வருகிறார் என்று கிண்டலடிப்பவர்கள், 2024 ஜூன் 17 அன்று ரங்காபானி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் மோதியதை நினைத்துப் பார்க்கட்டும். செத்தவர்களில் அந்த எக்ஸ்பிரஸின் கார்டும் ஒருவர்.

"மனுஷன் தப்பு செய்வான், மெஷின் செய்யாது" என்பார்கள். கடலூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் 2025 ஜூலை 8 ஞாபகத்துக்கு வரும். செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அந்த கேட் சிக்னலோடு இணைக்கப்படாதது. இணைத்திருந்தால், கேட் மூடாமல் சிக்னல் விழுந்திருக்காது. அங்கே மெஷின் வேண்டும், கட்டாயம் வேண்டும்! ஆனால் மெஷின் வர வேண்டிய இடத்தில் வருஷக்கணக்காக ஒரே ஆளை நம்பிவிட்டு, ஆள் இருக்க வேண்டிய இடத்தில் மெஷினை வைத்துக் காசு மிச்சம் பிடிப்பது என்ன கணக்கு?

இங்கிலாந்தில் டிரைவர் மட்டுமே ஓட்டும் ரயில்கள் 1980களிலேயே வந்துவிட்டன என்று உதாரணம் காட்டுவார்கள். 2016ல் அதே விஷயத்துக்காக லண்டனுக்குத் தெற்கே ஓடும் ரயில்களில் மாதக்கணக்கில் ஸ்டிரைக் நடந்ததை மட்டும் விட்டுவிடுவார்கள். அங்கே கதவு மூடியதா என்று பார்க்க டிரைவருக்கு கேமரா திரையாவது இருக்கிறது. இங்கே பல பாசஞ்சர் பெட்டிகளில் கதவே மூடுவதில்லை.

மேனேஜர் என்று பட்டம் கொடுத்தவர்கள், பயணிகள் ரயிலில் அந்த மேனேஜர் கடைசிவரை இருப்பார் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டுமே, பார்ப்போம்.