கஞ்சா அறுக்கும் பொழுது

கஞ்சாச் செடியை அறுக்க உகந்த பொழுது எது என்று கேட்டால், வளர்ப்பவர்களில் பலரும் வைகறை என்கிறார்கள். 2018இல் சட்டத்தடை நீங்கிய கனடாவிலும், அனுமதியுள்ள அமெரிக்க மாநிலங்களிலும் இது ஏறத்தாழ ஒரு விதிபோலவே ஓதப்படுகிறது. அறுப்பதற்கு முன் ஓரிரு நாள் செடியை இருட்டில் நிறுத்திவைப்பவர்களும் உண்டு. நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வை ஒப்படைத்த இலக்கணத்தில் வளர்ந்தவர்களாகிய நமக்கு, ஒரு பயிருக்கு ஒரு பொழுது என்ற எண்ணம் இயல்பாகவே பிடித்துப்போகும். ஆயினும் இந்த வைகறை விதி செடியைக் காட்டிலும் அதை நுகர்பவரின் கற்பனைக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறது என்பது நம் கருத்து.

விதிக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கஞ்சாவின் பெண்பூக்களை மூடியிருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களின் தலையில் பிசின் திரள்கிறது. போதைக்குரிய பொருளும், மணத்துக்குரிய டெர்ப்பீன்களும் அதில்தான் இருக்கின்றன. டெர்ப்பீன்களில் இலேசானவை வெயிலில் ஆவியாகக் கூடியவை. ஆகவே வெயில் ஏறுமுன் அறுத்தால் மணம் சற்றுக் கூடுதலாக நிற்கும் என்பது நம்பத்தக்கதே. போதைப்பொருளின் கதை வேறு. அது வாரக்கணக்கில் திரண்டு சேர்வது. காலைக்கும் மாலைக்கும் இடையில் பெரிதாக ஏறி இறங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

சேமித்த அந்த மணமும் எத்தனை நாள் நிற்கிறது? மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ராஸ், எல்சோலி என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பறித்த பூந்தலைகளைக் காற்றில் உலர்த்தியபோது ஒரு வாரத்தில் ஆவியாகும் எண்ணெயில் ஏறக்குறைய 3இல் 1 பங்கும், மூன்று மாதத்தில் பாதிக்கு மேலும் போய்விட்டிருந்தது. விடியலில் எழுந்து மிச்சம் பிடித்ததை உலர்த்தும் கொட்டகை வாங்கிக்கொண்டுவிடுகிறது. அதிலும் வைகறையில் செடி பனியில் நனைந்திருக்கும். ஈரத்தோடு அறுத்துக் குவித்த பூந்தலையில் பூஞ்சணம் பிடிப்பதற்கு அதிக நாளாகாது.

பொழுதே எல்லாமாக இருக்கும் பயிர் ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. மதுரை வட்டாரத்தில் மல்லிகையை மொட்டாக, இருள் பிரியாத வேளையிலேயே பறிக்கத் தொடங்குகிறார்கள். மொட்டில் மணம் அரிது. மாலையில் மலரும்போதுதான் அது மணத்தை உண்டாக்கி வெளிவிடுகிறது. தவறிய பொழுதில் பறித்தால் சந்தையில் மதிப்பில்லை. கஞ்சாப்பூ இப்படி மலர்ந்து மூடுவதில்லை. மல்லிகைக்குரிய நியாயத்தைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்தினால் பொருந்தாது.

இமயச் சரிவுகளில் சரஸ் எடுப்பவர்களின் வழக்கம் வைகறை விதிக்கு நேர் எதிரானது. குலு, பார்வதிப் பள்ளத்தாக்குப் பகுதிகளில் உயிருள்ள செடியின் பூந்தலையை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்துத் தேய்க்கிறார்கள். கையில் படியும் கரும்பிசினை உருட்டி எடுக்கிறார்கள். ஈரம் கலந்தால் பிசின் கெடும் என்பதால் பனி உலரக் காத்திருக்கிறார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷானஸி 1839இல் எழுதிய கட்டுரையில், மத்திய இந்தியாவில் தோலாடை அணிந்த ஆட்கள் வெப்பகாலத்தில் கஞ்சா வயலுக்குள் செடிகளை உராய்ந்தபடி ஓடுவதையும், தோலில் ஒட்டிய பிசினைச் சுரண்டி எடுப்பதையும் பதிவுசெய்தார். நேபாளத்திலோ தோலாடையும் இல்லை. கூலியாட்களின் வெற்றுடம்பிலேயே பிசின் ஏறியது. சரஸ் என்னும் சொல்லைக் கேட்கும்போது அந்த உடம்புகளை நினைத்துக்கொள்வதற்கு நமக்கு இலக்கியத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

இன்றைய வங்காளதேசத்தின் நவகாவ் இன்னொரு கதை. அங்கே அரசு உரிமத்தின் கீழ் கஞ்சா முறையான பயிராகவே இருந்தது. ஆண் செடிகளைக் கண்டு களைவதற்கென்றே கூலிபெற்ற கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஒரே ஓர் ஆண் செடி தப்பினாலும் வயல் முழுவதும் விதையாகிவிடும். (ஐரோப்பியக் குடியானவர்கள் சணல் கஞ்சாவில் ஆணைப் பெண்ணென்றும் பெண்ணை ஆணென்றும் வெகுகாலம் அழைத்துவந்தார்கள். வலுவாக நிற்பது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற அவர்களுடைய துணிபு தனிக் கட்டுரைக்குரியது.) அறுத்ததை வெயிலில் பரப்பி, காலால் மிதித்துத் தட்டையாக்கினார்கள். 1893இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டைத் தடைசெய்யத் தேவையில்லை என்று 1894இல் முடிவு கூறியது. 1917இல் நவகாவ் விவசாயிகளுக்கெனக் கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. 1987இல் அங்கே சாகுபடி நின்றது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் செடியைக் கூறுபோட்டுப் பார்க்கிறது. பூந்தலை கஞ்சா, தலையோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. அனுமதியின்றிச் செடியை வளர்ப்பதே குற்றம். ஆகவே பெரும்பாலான வயல்களில் அறுக்கும் பொழுதைத் தீர்மானிப்பது பனியோ வெயிலோ அன்று. யார் வருகிறார்கள் என்ற அச்சமே. 2021இல் ஆந்திரக் காவல்துறை விசாகப்பட்டினத்து மலைப்பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை வெட்டி எரித்தது. அவ்வயல்களில் பாடுபட்டவர்களுள் பழங்குடியினரே மிகுதி. வாங்கிப்போகும் வணிகர்களோ வயலுக்கு வெகுதொலைவில் இருப்பவர்கள். செடி எரியும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. அடுத்த பருவத்துக்கு அந்தக் குடும்பங்கள் என்ன விதைத்தன என்பது அதே அளவு இடத்தில் வந்ததாக நாம் காணவில்லை.

நம் எழுத்தில் கஞ்சா என்றால் புகைதான். சித்தரின் புகை, சாமியாரின் புகை, நகரத்து இளைஞனின் புகை. நெல்லுக்கும் கரும்புக்கும் தேயிலைக்கும் எழுதப்பட்ட உழைப்பின் கதை இச்செடிக்கு எழுதப்படவில்லை. போதையைப் போற்ற வேண்டும் என்று நாம் கோரவில்லை. அதனால் சிதைந்த வீடுகளை அறிவோம். புகைக்கு முன்னால் ஒரு வயலும், பிசின் ஏறிக் கறுத்த கைகளும் இருப்பதை எழுதலாமே என்கிறோம்.

உத்தராகண்டில் 2018 முதல் உரிமம் பெற்றவர்கள் நாருக்காக இதே இனச் செடியை வளர்க்கலாம்; டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நாருக்கு வளர்ப்பவரிடம் வைகறையா மாலையா என்று கேட்டால், ஆள் கிடைக்கும் பொழுது என்றே விடை வரக்கூடும்.