நோய்க்கால விடுப்பு: வேலைக்குக் காப்பு உண்டு, சம்பளத்துக்கு இல்லை

நாட்பட்ட நோயுடன் வாழும் ஊழியர் ஒருவர் சிகிச்சைக்காக விடுப்பு எடுத்தால் அவரது வேலை நிலைக்குமா என்ற கேள்விக்கு, அமெரிக்கச் சட்டம் அளிக்கும் பதில் பல நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அங்கு பணியாற்றும் பல்லாயிரக்கணக்கான தமிழர்களுக்கும் இது பொருந்தும்.

1993ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி, பதவியேற்று மூன்று வாரங்கள் நிறைவதற்குள், அப்போதைய அதிபர் பில் கிளிண்டன் குடும்ப மற்றும் மருத்துவ விடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கடுமையான உடல்நலக் குறைவு உள்ள ஊழியர் 12 மாதங்களில் 12 வாரங்கள் வரை விடுப்பு எடுக்கலாம். திரும்பி வரும்போது அதே பணியையோ அதற்கு ஈடான பணியையோ நிறுவனம் தரவேண்டும். விடுப்புக் காலத்தில் மருத்துவக் காப்பீடும் தொடரவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அந்த வாரங்களுக்குச் சம்பளம் தரவேண்டும் என்று அச்சட்டம் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. கலிபோர்னியா, நியூஜெர்சி, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் மாத்திரம் நோய்க்காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதி காப்பீட்டுத் திட்டங்கள் மூலம் கிடைக்கிறது.

இந்த உரிமையைப் பெற, 75 மைல் சுற்றளவுக்குள் குறைந்தது 50 பேரை வைத்திருக்கும் நிறுவனத்தில் 12 மாதங்கள் பணியாற்றியிருக்க வேண்டும். முந்தைய ஓராண்டில் 1,250 மணி நேரம் வேலை செய்திருக்கவும் வேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறையில் ஓரிரு ஆண்டுகளுக்கொரு முறை நிறுவனம் மாறுவோருக்கு இந்த 12 மாதக் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. வேலை மாறிய சில மாதங்களில் நோய் கண்டறியப்பட்டால் இச்சட்டம் துணைக்கு வராது.

மணிக்கணக்கில் விடுப்பு

நாட்பட்ட நோயாளிகளுக்கு இச்சட்டத்தில் உள்ள மிகப் பயனுள்ள அம்சம் அதிகம் பேசப்படாத ஒன்று. 12 வாரங்களையும் தொடர்ச்சியாக எடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவத் தேவை இருந்தால் நாள்களாகவும், ஏன், மணி நேரங்களாகவும் பிரித்து எடுக்கலாம். வாரத்துக்கு 40 மணி நேரம் உழைப்பவருக்கு 12 வாரம் என்பது 480 மணி நேரம். சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரப் பணியை இழக்கிறார் என்று கொண்டால், அவரது விடுப்பு 40 வாரங்கள் வரை வரும். ஆண்டின் எஞ்சிய 12 வாரங்களுக்கு அவர் வேறு வழி தேடவேண்டும்.

சட்டத்தின் காப்பு பெரும்பாலும் காகிதத்தில்தான் தங்கியிருக்கிறது. "உடம்பு சரியில்லை" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தால், அது போதுமான அறிவிப்பாகக் கருதப்படாது. சட்டத்தின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை; ஆனால் நோய் கடுமையானது என்பதை நிறுவனம் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தகவல் தரவேண்டும். நிறுவனம் மருத்துவச் சான்று கேட்டால் அதை அளிக்கப் பொதுவாக 15 நாள்கள் அவகாசம் உண்டு. சான்றைச் சரிபார்க்க ஊழியரின் நேரடி மேலதிகாரி மருத்துவரை அழைத்துப் பேசக்கூடாது என்பதும் விதி. நோயை அலுவலகத்தில் வெளியே சொல்லத் தயங்கும் நம்மவர்கள் பலருக்கு இந்த ஒரு விதியே பெரும் ஆறுதலாக இருக்கக்கூடும்.

நிறுவனம் தன் பங்குக்குத் தரவேண்டிய அறிவிப்பைத் தராவிட்டால் என்ன ஆகும்? 2002ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஊழியர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. ஹாட்ஜ்கின் வகைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண் ஊழியர் 30 வாரங்கள் விடுப்பில் இருந்தார். அதில் 12 வாரங்கள் இச்சட்டத்தின் கணக்கில் கழிகின்றன என்று நிறுவனம் அவருக்கு அறிவிக்கவே இல்லை. மேற்கொண்டு விடுப்பு மறுக்கப்பட்டு அவர் பணியிழந்தார். அறிவிக்காத விடுப்பைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்ற தொழிலாளர் துறையின் விதியை நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. அறிவிப்பு இல்லாததால் தனக்கு இழப்பு நேர்ந்தது என்பதை இனி ஊழியர்தான் காட்டவேண்டும்.

12 வாரங்களுக்குப் பின்னர் எஞ்சுவது மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம். 15 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் அது பொருந்தும், பணிக்காலம் பார்ப்பதில்லை. வந்து வந்து போகும் நோய்களும் அதில் அடங்கும் என்று 2008இல் திருத்தப்பட்டது. நியாயமான வசதி என்ற பெயரில் கூடுதல் விடுப்பும் கேட்கலாம். ஆனால் எவ்வளவு காலம் என்பதில் நீதிமன்றங்களிடையே ஒத்த கருத்து இல்லை. முதுகு நோயால் 12 வாரங்களும் தீர்ந்த ஊழியர் மேலும் இரண்டு மூன்று மாதங்கள் கேட்டது நியாயமான வசதி ஆகாது என்று சிகாகோவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் கூறிவிட்டது.

விசா என்னும் அச்சம்

எச்-1பி விசாவில் இருப்போரின் கவலை இன்னொரு படி மேலானது. விடுப்புச் சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. நிபந்தனைகளை நிறைவு செய்தால் அவர்களுக்கும் அதே உரிமை உண்டு. ஊழியரே கேட்டு எடுக்கும் மருத்துவ விடுப்பில் சம்பளம் நிற்பதும் விசா விதிகளுக்கு முரணானது அல்ல. ஆயினும் வேலை போய்விட்டால் 2017 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி அதிகபட்சமாக 60 நாள்களுக்குள் வேறு நிறுவனத்தைக் கண்டுபிடிக்கவோ, விசா நிலையை மாற்றவோ, நாட்டை விட்டு வெளியேறவோ வேண்டும். விடுப்பு கேட்டதற்காகப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம்தான். அதற்கு எதிராக வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் அவகாசமும் இருக்கிறது. ஆனால் விசா இழந்தவர் அந்த வழக்கை வேறொரு நாட்டில் இருந்துகொண்டு நடத்த நேரிடலாம். நிறுவனம் பொதுவான ஆட்குறைப்பு செய்யும்போது, விடுப்பில் இருக்கிறார் என்ற காரணத்துக்காக ஒருவரது பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதும் இல்லை.