மாலை யாருடைய ரிசர்வ்?

தில்லி ராமகிருஷ்ணபுரம் முதல் செக்டரில் உள்ள சேவா பவனில்தான் மத்திய மின்சார ஆணையமும் மத்திய நீர் ஆணையமும் இயங்குகின்றன. நாட்டின் மின் தேவையைக் கணித்துத் திட்டமிடுவது முதலாவதன் வேலை. ஆறுகளில் வரும் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்வது இரண்டாவதன் பணிகளில் ஒன்று. இரண்டுக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றே: முழுக் கொள்ளளவையும் நம்பித் திட்டம் போடக் கூடாது. 2005-ல் வந்த தேசிய மின்சாரக் கொள்கை, குறைந்தது 5 சதவீத மின் உற்பத்தித் திறனை உடனே கைகொடுக்கும் ரிசர்வாக வைத்திருக்க வேண்டும் என்றது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா அடுத்தடுத்து இருண்டபோது, விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் மின்சார ஆணையத்தின் தலைவர். பல மின்தடங்கள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்த நிலையில், பினா–குவாலியர்–ஆக்ரா 400 கிலோவோல்ட் தடத்தின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போனது. அது துண்டிக்கப்பட்டதும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மின்தடத்துக்கு இடைவெளி வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கும் அரசு, தன் ஊழியரின் நாளுக்கும் அது வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வதில்லை.

ராமகிருஷ்ணபுரத்தின் மத்திய அரசு அலுவலகங்களில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பிரிவு அலுவலர் காலை 9 மணிக்கு வந்து அமரும்போது அன்றைய பட்டியல் தயாராக இருக்கிறது: ஒரு டெண்டர் கோப்பு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டிய ஒரு பதில் மனு, இரண்டு ஆர்டிஐ விண்ணப்பங்கள். பதினொன்றரை மணிக்கு நாடாளுமன்றப் பிரிவிலிருந்து போன் வருகிறது. ஒரு கேள்விக்கு ஐந்தாண்டுப் புள்ளிவிவரம், மாநில வாரியாக, மூன்று மணிக்குள் வேண்டும். அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் துணைக் கேள்விகளுக்கும் தயாராக வேண்டும். அதற்குத் தனிக் குறிப்பு. களத்தில் உள்ள அலுவலகங்களுக்குப் போன் போட்டு, அவர்கள் அனுப்பும் எண்கள் ஒன்றோடொன்று முரண்பட, மீண்டும் கேட்டு, கூட்டிச் சரிபார்த்து மேலே அனுப்பும்போது மணி நான்கு. டெண்டர் கோப்பு காலையில் திறந்த பக்கத்திலேயே நிற்கிறது. இதை யாரும் திடீர் விபத்து என்று சொல்ல முடியாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமற்ற கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். எந்த அமைச்சகம் வாரத்தில் எந்தக் கிழமை பதில் சொல்லும் என்பதும் முன்பே முடிவாகிவிடுகிறது. இன்ன கேள்வி வரும் என்பது தெரியாது. கேள்வி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் அதற்கான நேரம் எங்கிருந்து வருகிறது? மாலையிலிருந்து. ஐந்தரைக்கு முடிய வேண்டிய வேலை ஏழரைக்கோ எட்டுக்கோ முடிகிறது. ஆகவே, இடைவெளியே இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது என்பதே என் வாதம். எல்லா நாளுக்கும் ரிசர்வ் இருக்கிறது. அலுவலக நேரத்துக்குள் அதைத் திட்டமிட்டு வைக்கிறோமா, ஊழியரின் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி. வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது அந்தச் சுமை சமமாக விழுவதில்லை. 2019-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அலுவலகத்தின் மோசமான திட்டமிடல், வீட்டில் சமையலும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கும் பெண் ஊழியரின் தலையில்தான் முதலில் இறங்குகிறது. தாமதமாகக் கிளம்ப முடிந்தவர் பொறுப்பானவர், முடியாதவர் ஒத்துழைக்காதவர் என்று பெயர் வாங்குவது அதைவிடப் பெரிய அநீதி.

நாளுக்குள் இடைவெளி வேண்டும் என்பதைக் கணிதம் நூறாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. 1909-ல் டென்மார்க்கின் ஏ.கே.எர்லாங், தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து, வரிசையில் காத்திருத்தலைக் கணக்கிடும் துறைக்கு வழி திறந்தார். அத்துறையின் மிக எளிய கணக்கின்படி, ஒருவர் தன் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், அவரிடம் வரும் புதிய வேலை, அதைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல் சராசரியாக 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95-ல் 19 மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தையும் பிழிந்தெடுக்க நினைக்கும் மேலாளர், உண்மையில் தாமதத்தைத்தான் விளைவிக்கிறார். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் அனுபவமும் இதுவே. அங்கு 32 அறுவை அரங்குகளும் முழுக்க நிரம்பியிருந்தன. அவசர நோயாளி வரும்போதெல்லாம் முன்பே குறித்திருந்த அறுவைகள் தள்ளிப்போயின. மருத்துவர்கள் நள்ளிரவு தாண்டியும் கத்தி பிடித்தார்கள். பிறகு ஓர் அரங்கை அவசரத்துக்கென்றே காலியாக வைத்தார்கள். ஏற்கெனவே இடமில்லாத இடத்தில் இது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. ஆனால் முன்பைவிடக் கூடுதலான அறுவைகளை அவர்களால் செய்ய முடிந்தது. ஏனென்றால், எந்த நோயாளி, எந்த மணிக்கு வருவார் என்பது தெரியாவிட்டாலும், மொத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவசரமாகவே வந்துகொண்டிருந்தது.

நேரத்தை ஒதுக்கி வைத்தால் அது அரட்டையிலும் தேநீரிலும் கரையும் என்பது முதல் எதிர்ப்பு. 1955-ல் பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் எழுதியதை மேற்கோள் காட்டி, வேலை தனக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும் என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. ஆனால் ஒதுக்கிய நேரத்துக்கும் வேலை குறிக்கப்பட்டிருந்தால் இது நடக்காது. அவசரம் வராத நாளில் பழைய கோப்புகளை முடிக்கவும் பதிவேடுகளைச் சரிசெய்யவும் அந்த நேரம் போகட்டும். அவசரம் வந்தால் கூசாமல் விட்டுக்கொடுக்கக் கூடிய வேலைகள் இவை. இன்னொரு எதிர்ப்பு கொஞ்சம் நுட்பமானது: குறுக்கீடு ஆளைச் சுறுசுறுப்பாக்குகிறது என்பது. ஆய்வாளர் குளோரியா மார்க்கும் அவருடைய சகாக்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவுவதுபோல் தோன்றும். குறுக்கிடப்பட்டவர்கள் தங்கள் வேலையை இன்னும் விரைவாகவே முடித்தார்கள், தரமும் குறையவில்லை. ஆனால் அதே ஆய்வில் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் அவசரப் பரபரப்பும் கூடியிருந்தன. ஒரு நாளுக்கு அந்த வேகம் லாபம். முப்பது ஆண்டுப் பணிக்காலத்துக்கு அது கட்டுப்படியாகாது.

உண்மையில் கனமான எதிர்ப்பு ஆள் பற்றாக்குறை. 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் 9.79 லட்சம் பணியிடங்கள் காலியாக இருந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மூவர் வேலையை இருவர் பார்க்கும் இடத்தில் ரிசர்வ் பற்றிப் பேசுவது, பசித்தவனிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது என்பார்கள். இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காலியிடங்களை நிரப்பாமல், நேரத்தைத் திட்டமிடுங்கள் என்று ஊழியருக்கு மட்டும் உபதேசிப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆட்கள் குறையக் குறைய எர்லாங்கின் கணக்கு இன்னும் இறுகும். இருவர் இருக்கும் பிரிவில் இருவரையும் ஒரே போன் அழைப்பு முடக்கிப் போட்டால், அன்று எந்தக் கோப்பும் நகராது.

செய்ய முடிந்தவை பல, மேலிருந்து ஆணை வராமலேயே. கூட்டத்தொடர் நாட்களில் குறுக்கீடுகளையெல்லாம் முறை வைத்து ஒருவர் ஏற்கலாம். மற்றவர்கள் அன்று போனை எடுக்க வேண்டியதில்லை. பட்டியலில் எட்டு மணி நேரத்துக்கு ஆறு மணி நேர வேலையை மட்டும் எழுதலாம். வேலையைப் பாதியில் விட்டு எழும்போது, எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வது என்று ஒரு வரி குறித்துவைத்தால், புதிய வேலையில் கவனம் நன்றாகப் பதிகிறது என்று ஆய்வாளர்கள் சோஃபி லெராய், தெரசா குளோம்ப் இருவரும் 2018-ல் காட்டினார்கள். கோப்பில் குறிப்பெழுதியே வளர்ந்த அலுவலகங்களுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. அதிகாரிகள் செய்ய வேண்டியது இதைவிடக் கடினம். மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடு கோப்புகளுக்கு அவசரக் குறிகளை வகுத்துவைத்திருக்கிறது. மேசையில் உள்ள பாதிக் கோப்புகளில் அந்தக் குறி இருந்தால், எதை முதலில் எடுப்பது என்று கீழே இருப்பவருக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். ஆகவே அந்தக் குறியைப் போடும் அதிகாரி, பட்டியலில் இருக்கும் எந்த வேலையை நாளைக்குத் தள்ளலாம் என்பதையும் அதே குறிப்பில் எழுதித் தன் கையெழுத்தைப் போட வேண்டும்.