குழந்தைக்கு முதல்ல சீம்பாலா, சேனைத் தண்ணியா? பிரசவ வார்டில் நர்ஸின் வேலை இங்கேதான் தொடங்குது!

தென்காசி உள்ளிட்ட தென்மாவட்டங்களில், பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு 'சேனை' வைப்பது பழைய வழக்கம். ஆனால், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நிலவரம் என்ன?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கே.

ஏன் தாமதம்?

சுமார் 45 சதவீதம் சிசேரியன். தையல் வலியில் அம்மாவால் நிமிர்ந்து உட்கார முடியாது. "பால் வரலையே" என்ற பயம் வேறு. உடனே பவுடர் பாலைத் தேடுகிறார்கள்.

நர்ஸ் என்ன செய்வார்?

படுத்தபடியே பால் கொடுக்க வைப்பார். காம்பை மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் குழந்தை கவ்வுகிறதா எனப் பார்ப்பார். முதல் நாளில் சிறிதளவு சீம்பாலே போதும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

பாட்டிக்கும் சொல்லணும்!

ஒரு வயதுக்குள் தேன் கூடாது. 'பாட்டுலிசம்' எனும் ஆபத்தான நோய் வரலாம். இதை அம்மாவிடம் மட்டும் சொன்னால் போதாது. சேனை வைப்பது வீட்டுப் பெரியவர்கள்தானே!